இழுப்பறையில் ஒரு பென்டிரைவ்

டிவி ஸ்டாண்டின் கீழ் இழுப்பறையைப் பல காலம் கழித்துத் திறந்தால் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரே மாதிரியான சாமான்கள்தான் கிடக்கும். எண்கள் தேய்ந்துபோன ரிமோட், பேட்டரி கசிந்து பச்சை பூத்த அதன் மூடி, மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வால் கொண்ட ஏவி கேபிள், திருகி மாட்டும் எஃப் கனெக்டர்கள் இரண்டு மூன்று, நுனியில் செம்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்புக் கேபிள் துண்டு. அவற்றுக்கு நடுவே மூடி தொலைந்த பென்டிரைவ் ஒன்றும் இருக்கும். 2 ஜிபி, மிஞ்சினால் 4 ஜிபி. அதைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால் பாட்டோ கல்யாண ஆல்பமோ இருக்காது. 4 எம்பி அளவில் ஒரே ஒரு கோப்பு, எந்த மென்பொருளாலும் திறக்க முடியாத ஒன்று, தனியாகக் கிடக்கும். டிஷ் ரிசீவருக்கு "சாஃப்ட்வேர் ஏத்த" வேண்டும் என்று யாரோ போட்டுக் கொடுத்தது அது. ஏற்றிய அன்று என்ன நடந்தது என்பது பெரும்பாலும் அந்த ரிசீவர் இப்போது எங்கே இருக்கிறது என்பதிலேயே தெரிந்துவிடும். டிவிக்குப் பக்கத்தில் இருந்தால் காரியம் நடந்தது. பரணிலோ காயலான் கடைத் தராசிலோ இருந்தால், அன்றைக்குத் திரையில் ஏதோ ஓர் ஆங்கில வாக்கியம் வந்தது, அல்லது எதுவுமே வரவில்லை, "பாக்ஸ் செத்துப்போச்சு" என்று வீடே முடிவுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

"செத்துப்போச்சு" என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ரிசீவருக்குப் பென்டிரைவ் வழியாகச் சாஃப்ட்வேர் ஏற்றும் வேலை மூன்று விதமாகக் கெடலாம். பெட்டி கோப்பை ஏற்க மறுப்பது ஒன்று. ஏற்றுக்கொண்டு எழுதும்போது பாதியில் முறிவது இரண்டாவது. எல்லாம் ஒழுங்காக முடிந்த பிறகும் படம் வராமல், கெட்டதாகத் தோன்றுவது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு. ஆனால் வீட்டுப் பேச்சில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான் இருந்தது. அந்தப் பெயரால் விளைந்த நஷ்டம், சாஃப்ட்வேரால் விளைந்த நஷ்டத்தைவிடக் குறைவானதல்ல என்பது என் கருத்து.

பழுதைப் பார்க்கும் வழக்கமே நம் வீடுகளில் எப்படி மாறியது என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். மொட்டைமாடியில் மீன்முள் ஆன்டெனா நின்ற காலத்தில் படம் புள்ளி புள்ளியாக வந்தால் ஒருவர் மேலே ஏறிக் குழாயைத் திருப்புவார், ஒருவர் டிவி முன் நிற்பார், இடையில் படிக்கட்டில் ஒரு பையன் நின்று குரலைக் கடத்துவான். "இப்பத் தெரியுதா?" "இன்னும் கொஞ்சம் கெழக்கே." காரணம் கண்ணுக்குத் தெரிந்தது: காற்று திருப்பியிருக்கும், காகம் உட்கார்ந்திருக்கும், ஒயர் அறுந்திருக்கும். 1991ல் ஸ்டார் டிவியும் 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவியும் வந்தபோது அந்தக் கவலை கேபிள்காரரின் மொட்டைமாடிக்குப் போனது. பெரிய சல்லடை டிஷ் அவர் பொறுப்பு, நமக்கு மாதச் சந்தா மட்டும். 2003 செப்டம்பரில் சென்னையில் நிபந்தனை அணுகல் முறை நடைமுறைக்கு வந்தபோது செட்டாப் பாக்ஸ் என்ற சொல் வீட்டுத் தமிழில் நுழைந்தது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் டிடி டைரக்ட் பிளஸ், அதாவது இன்றைய டிடி ஃப்ரீ டிஷ், தொடங்கியது. சந்தா கிடையாது, ஒரு சின்ன டிஷ்ஷும் ஒரு பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். கேபிள் எட்டாத கிராமத்துக்கும் மலையோரத்துக்கும் அது பெரிய வரம். அந்த வரத்தோடு, பழுதின் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. ஆன்டெனா திரும்பியதைப் பார்க்கலாம். பெட்டிக்குள் இருக்கும் நினைவகச் சில்லில் ஒரு எழுத்து மாறியதைப் பார்க்க வழியில்லை.

பென்டிரைவுக்கு முன் இந்த வேலையைச் செய்தது ஒன்பது ஊசி சீரியல் கேபிள். இரண்டாம் ஊசியும் மூன்றாம் ஊசியும் குறுக்கே மாற்றிப் பற்றவைத்த கேபிள் வேண்டும். ஒரு முனை பேசுவதை மறுமுனை கேட்க வேண்டும் என்பதால் அந்தக் குறுக்கு. சென்னையில் ரிச்சி தெருவில் கனெக்டர்களை வாங்கி மெக்கானிக்குகள் தாங்களே செய்துகொண்டார்கள். அதன் வேகம் நொடிக்கு 1,15,200 பிட். ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு அடையாள பிட் சேர்வதால் நொடிக்குச் சுமார் 11,500 பைட். 4 எம்பி கோப்பு போய்ச் சேர ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அந்த ஆறு நிமிடமும் கடையில் ஒருவித மௌனம் இருக்கும். மேசைமேல் கை வைக்க விடமாட்டார்கள், பிளக் பாயின்ட் பக்கம் யாரையும் போக விடமாட்டார்கள். தாமதம் ஒரு குறைதான். ஆனால் அந்த முறைக்கு ஒரு பெரிய குணம் இருந்தது: கம்ப்யூட்டர் திரை பேசியது. பெட்டி பதில் சொல்லவில்லை, கோப்பு பொருந்தவில்லை, இத்தனை சதவீதம் முடிந்தது, அழிக்கிறேன், எழுதுகிறேன் என்று ஒவ்வொரு படியும் வரிசையாகத் தெரியும். எங்கே நின்றது என்று தெரிந்தால் எதைத் திருத்த வேண்டும் என்பதும் தெரியும். பென்டிரைவ் வந்தபோது கேபிளும் கம்ப்யூட்டரும் தேவையில்லாமல் போயின, ஆறு நிமிடம் ஒன்றிரண்டு நிமிடமாகச் சுருங்கியது. கூடவே அந்தப் பேச்சும் நின்றுபோனது. முன்பக்கத்தில் நான்கெழுத்து மட்டும் எரியும் பெட்டியிடம் போய் "எங்கே நின்றாய்" என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? வசதிக்காகக் கொடுத்த விலை இது. பின்னால் வந்த குழப்பங்களில் பாதி இந்த இடத்தில் தொடங்குகிறது.

முதல் வகையான மறுப்புக்கு வருவோம். பென்டிரைவைச் செருகி மெனுவில் அப்கிரேட் கொடுத்தால் "கோப்பு இல்லை" என்கிறது, அல்லது பென்டிரைவையே தெரியவில்லை என்கிறது. இதில் பெட்டிக்கு எந்தச் சேதமும் இல்லை என்பதை முதலில் மனதில் இருத்த வேண்டும். பழைய சாஃப்ட்வேர் தொடாமல் அப்படியே இருக்கிறது. அணைத்துப் போட்டால் நேற்றுப்போலவே ஓடும். மறுப்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் பென்டிரைவின் வடிவமைப்பு. விலை குறைந்த ரிசீவர்களுக்குத் தெரிந்தது 1996ல் விண்டோஸ் 95இன் பிந்தைய பதிப்போடு வந்த ஃபேட்32 முறைதான். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பல டிரைவ்கள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் சாளரம் நெடுங்காலமாக 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 கொடுத்ததில்லை. அதனால்தான் அனுபவப்பட்ட மெக்கானிக் புதுப் பளபளப்பான டிரைவை ஒதுக்கிவிட்டுப் பழைய 2 ஜிபியைத் தேடுவார். இழுப்பறைப் பென்டிரைவ்கள் எல்லாம் சின்னக் கொள்ளளவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். "இதே டிரைவில் படம் ஓடுகிறதே, சாஃப்ட்வேர் மட்டும் ஏன் ஏறாது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. படத்தை ஓட்டுவது பெட்டியின் முழு சாஃப்ட்வேர். அதற்கு என்டிஎஃப்எஸ் கூடத் தெரிந்திருக்கலாம். சாஃப்ட்வேர் ஏற்றப் பெட்டியைத் தட்டி எழுப்பும்போது கோப்பைத் தேடுவது பல பெட்டிகளில் பூட்லோடர் என்ற மிகச் சிறிய நிரல். அதற்குத் தெரிந்த மொழிகள் குறைவு. ஒரே துளையில் செருகினாலும் இரண்டு வேளையில் இரண்டு வேறு ஆட்கள் வாசலுக்கு வருகிறார்கள்.

பெயரும் மறுப்புக்குக் காரணமாகும். சில பெட்டிகள் குறிப்பிட்ட ஒரே பெயரைத்தான் தேடும், அதுவும் ஃபோல்டருக்குள் இல்லாமல் டிரைவின் முதல் அடுக்கில் இருந்தால்தான். ஒரே கோப்பை இரண்டாம் முறை பதிவிறக்கினால் பிரவுசர் தானாகவே பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் 1 என்று சேர்த்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரு பொருட்டே அல்ல, பெட்டிக்கோ அது வேறு கோப்பு. சுருக்கி வைத்த ஜிப் கோப்பைப் பிரிக்காமல் கடைசி மூன்றெழுத்தை மட்டும் மாற்றி வைத்தவர்களும் உண்டு. மேக் கம்ப்யூட்டரில் நகலெடுத்தால் ஒவ்வொரு கோப்புக்கும் புள்ளியும் கீழ்க்கோடும் முன்னால் போட்ட நிழல் கோப்பு ஒன்றும் ஃபேட்32 டிரைவில் சேர்ந்துகொள்ளும். மேக்கில் அது தெரியாது. ரிசீவர் பட்டியலில் தெரியும், அதைத் தேர்ந்தெடுத்தால் பெட்டி மறுக்கும். பென்டிரைவைப் பாதுகாப்பாக நீக்காமல் சட்டென்று பிடுங்கினால் கோப்பின் வால் பகுதி இன்னும் கம்ப்யூட்டரின் நினைவிலேயே தங்கியிருக்கக்கூடும். பெயர் சரியாக இருக்கும், உள்ளே குறை இருக்கும். போலிக் கொள்ளளவு டிரைவ்கள் இன்னும் மோசம். மேலே 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே அதில் ஒரு சிறு பங்குச் சில்லை வைத்து விற்கப்படுபவை, எழுதியதாகச் சொல்லிவிட்டு எழுதாமலே விடும். இத்தனைக்கும் ஒரே பொதுவான சோதனை இருக்கிறது: டிரைவுக்குப் போய்ச் சேர்ந்த கோப்பின் எம்டி5 அல்லது எஸ்எச்ஏ-256 கையொப்பத்தைக் கொடுத்தவர் அறிவித்த கையொப்பத்தோடு ஒப்பிடுவது. விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் என்ற கட்டளை அதைச் செய்யும். ஒரு பிட் மாறியிருந்தாலும் கையொப்பம் முழுதுமாக மாறிவிடும். அரிசியில் கல் பார்ப்பதற்கு ஆகும் நேரம்கூட ஆகாது. ஆனாலும் கோப்பைக் கொடுத்தவர்கள் கையொப்பத்தைக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவே இல்லை.

மறுப்பை ஒரு தொல்லையாக நினைக்கிறோம். உண்மையில் அது பெட்டியின் தற்காப்பு. வேறு மாடலின் கோப்பைக் கொடுத்தால் "பொருந்தவில்லை" என்று சொல்லும் பெட்டி தன் உயிரைக் காத்துக்கொள்கிறது. இந்த ரிசீவர் உலகத்தில் முகம் ஒன்றாகவும் வயிறு வேறாகவும் இருக்கும் பெட்டிகள் ஏராளம். ஒரே பிளாஸ்டிக் கூடு, ஒரே ரிமோட், உள்ளே வேறு சில்லு, வேறு டியூனர், வேறு அளவு நினைவகம். மேல் ஸ்டிக்கரை நம்பிப் பயனில்லை. மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் இருக்கும் ஹார்ட்வேர் எண்ணையும், மூடியைக் கழற்றினால் போர்டில் அச்சிட்டிருக்கும் எண்ணையும்தான் நம்ப வேண்டும். இங்கேதான் பதற்றம் புகுந்து காரியத்தைக் கெடுக்கும். முதல் கோப்பை மறுத்ததும் இரண்டாவது, அதையும் மறுத்தால் மூன்றாவது என்று கிடைத்ததையெல்லாம் ஏற்றிப் பார்ப்பார்கள். ஏதோ ஒன்றைப் பெட்டி தெரியாமல் ஏற்றுக்கொள்ளும். அந்த நொடிவரை நன்றாக இருந்த பெட்டி அதோடு லோகோவில் நின்றுவிடும். முதலில் நடந்தது ஆபத்தில்லாத மறுப்பு. பிறகு நடந்தது அவசரம் வரவழைத்த முறிவு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்ததால், முதலாவதில் நின்று யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவசரத்துக்குப் பின்னால் ஓர் ஆசையும் இருந்தது. எம்பெக்-2 மட்டும் தெரிந்த பழைய பெட்டியில் புதுச் சாஃப்ட்வேர் போட்டால் எம்பெக்-4 சேனல்களும் வந்துவிடும் என்ற நம்பிக்கை அது. 2005ல் செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கான டிவிபி-எஸ்2 முறை தரநிலையாகி, இந்திய வானத்திலும் மெல்ல மெல்ல சேனல்கள் புது முறைக்கு மாறத் தொடங்கியபோது பழைய பெட்டிகளில் எண்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. அலைவரிசையைப் பிரித்தெடுக்கும் டியூனர் பகுதியும் படத்தை விரிக்கும் பகுதியும் சில்லுக்குள் இரும்பும் மணலுமாக இறுகிப்போனவை. எந்தக் கோப்பாலும் அவற்றுக்குப் புதுத் திறமை கற்பிக்க முடியாது. இதைக் கடைக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தால் எத்தனையோ நல்ல பெட்டிகள் தூர்தர்ஷனைக் காட்டிக்கொண்டு இன்னும் பல வருடம் ஓடியிருக்கும்.

இனி முறிவு. இதை விளங்கிக்கொள்ள அந்த நினைவகச் சில்லின் இயல்பு தெரிய வேண்டும். கரும்பலகையில் எழுதியிருப்பதன் மேலேயே எழுத முடியாததுபோல் இதிலும் முதலில் அழித்தால்தான் எழுத முடியும். 4 எம்பி சில்லை 64 கேபி அளவுள்ள 64 கட்டங்களாக நினைத்துக்கொள்ளலாம். பெட்டி ஒரு கட்டத்தை அழித்து எழுதும், அடுத்ததை அழித்து எழுதும். நடுவில் எந்த நொடியில் நிறுத்தினாலும் பாதி பழையதும் பாதி புதியதுமாக, இரண்டுக்கும் ஆகாத ஒன்று மிஞ்சும். கரன்ட் போனால் இதுதான் நடக்கிறது. 2012ல் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். வந்த உடனே மாவரைக்கவும் மோட்டார் போடவும் ஊரே ஒரே சமயத்தில் சுவிட்சைத் தட்டும், மின்னழுத்தம் சரியும். அதே ஒரு மணி நேரத்தில்தான் ரிசீவருக்குச் சாஃப்ட்வேர் ஏற்றவும் உட்கார்வார்கள். அந்த வருடங்களில் முறிந்த பெட்டிகளுக்குச் சாஃப்ட்வேரைக் குறை சொல்வது நியாயமாகாது.

வீட்டு மின்சாரம் சீராக இருந்தும் முறிவது உண்டு. அப்போது பார்க்க வேண்டியது பெட்டியின் சொந்தப் பவர் சப்ளை. வருடக்கணக்காக டிவியின் தலைமேல் வெப்பத்தில் கிடந்த பெட்டியில் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் தலை வீங்கிக் கிடக்கும். 10 டிகிரி வெப்பம் கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுவியலின் பழைய கணக்கு. சேனல் பார்க்கும்வரை தாக்குப்பிடிக்கும் அந்தச் சப்ளை, பென்டிரைவும் சேர்ந்து இழுக்கும்போது தளர்ந்துவிடும். யுஎஸ்பி 2.0 துளைக்கு 500 மில்லி ஆம்பியர்தான் அளவு. பென்டிரைவுக்குப் பதில் சுழலும் ஹார்டு டிஸ்க்கை மாட்டினால் அது தொடங்கும் நொடியில் அதற்கு மேலும் கேட்கும். சில ரூபாய் கெப்பாசிட்டரை மாற்றிவிட்டு அதே கோப்பை மறுபடி ஏற்றினால் சிரமமின்றி ஏறிவிடும். பழகாதவர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கித் தாங்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும்.

முறிந்த பெட்டியும் உடனே செத்ததாகிவிடாது. பூட்லோடர் இருக்கும் முதல் கட்டங்களைப் பெரும்பாலான அப்கிரேடுகள் தொடுவதில்லை. அது பிழைத்திருந்தால், முன்பக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போடுவது, குறிப்பிட்ட பெயரிட்ட கோப்போடு பென்டிரைவைச் செருகிவிட்டு ஆன் செய்வது என்று அந்தந்த மாடலுக்கு உரிய பின்வாசல் ஒன்று திறக்கும். பின்பக்கம் சீரியல் துளை இருக்கும் பெட்டியில் பழைய குறுக்குக் கேபிளே கை கொடுக்கும். பூட்லோடரும் அழிந்தால்தான் கடைசி வழி: எட்டுக்கால் சில்லின்மேல் கவ்வியை மாட்டி, சிஎச்341ஏ போன்ற சிறு புரோகிராமரால் நேரடியாகச் சில்லிலேயே எழுதுவது. அந்தக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெக்கானிக் கடையில் இந்தக் கடைசி வழிவரை வந்த பெட்டிகளைவிட, அந்தப் பின்வாசலிலேயே எழுந்து உட்கார்ந்தவைதான் கைத்திறனுக்குச் சாட்சி. அவசரப்படாமல், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது அந்தத் திறன். டிரைவை மாற்று, மற்றதை விடு. கோப்பை மாற்று, டிரைவை விடு. இரண்டையும் சேர்த்து மாற்றிச் சரியானால் எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது. அடுத்த பெட்டியில் மறுபடி அகரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாவது வகைதான் மனதை அதிகம் வருத்துவது. சாஃப்ட்வேர் முழுதாக ஏறிவிட்டது, பெட்டி புது லோகோவோடு எழுந்துவிட்டது, ஆனால் திரையில் "சிக்னல் இல்லை". புதுச் சாஃப்ட்வேர் பெட்டியின் பழைய ஏற்பாடுகளையெல்லாம் துடைத்துவிட்டது என்பதே காரணம். டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கும் எல்என்பி எந்த வகை என்று சொல்ல வேண்டும்: டிடி ஃப்ரீ டிஷ் எடுக்கும் சின்ன டிஷ்ஷின் கேயு பேண்ட் யுனிவர்சல் எல்என்பிக்கு 9750, 10600, ஆறடி, எட்டடி சி பேண்ட் டிஷ்ஷுக்கு 5150. இரண்டு டிஷ் சேர்த்திருந்தால் டைசெக் சுவிட்சில் எது எந்தத் துளை என்று மறுபடி சொல்ல வேண்டும். ஃப்ரீ டிஷ்ஷுக்கு 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளைத் தேர்ந்தெடுத்துப் புதிதாகத் தேட வேண்டும். பத்து நிமிட வேலை. இது தெரியாமல் மொட்டைமாடிக்கு ஏறிச் சரியாக இருந்த டிஷ்ஷைத் திருப்பியவர்கள் எத்தனை பேர்! மீன்முள் ஆன்டெனாக் காலத்துக் கை வழக்கம் அது. படம் இல்லையென்றால் கால்கள் தாமாகவே படியேறும். சில டிகிரி விலகினாலே சிக்னல் போய்விடும் டிஷ்ஷை அப்படித் திருப்பியபின், இல்லாத பழுது உண்மையிலேயே வந்து சேர்ந்தது.

இதற்கெல்லாம் ஒரு மறுப்புரை உண்டு, அதுவும் வலுவானது. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்ப் பெட்டிக்கு இத்தனை யோசனை தேவையா, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கினால் போயிற்று என்பார்கள். மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கு அது சரியாகவே இருக்கலாம். ஆனால் சந்தா கட்ட வேண்டாம் என்பதற்காகவே இலவச டிஷ் வைத்த வீடுகளுக்கு அந்தத் தொகை சில நாள் கூலி. அங்கே வாங்குவதும் சரிசெய்வதும் சமமான இரண்டு வழிகள் அல்ல. கழிக்கப்பட்ட பெட்டி போய்ச் சேரும் இடமும் கணக்கில் வர வேண்டும். காயலான் கடையில் இரும்பு எடைக்குப் போவது ஒரு பகுதி. போகிக் காலையில் பழைய சாமான்களோடு சேர்த்து எரிக்கப்படுவது ஒரு பகுதி. சர்க்யூட் போர்டு எரியும் புகையைச் சுவாசிப்பது அந்தத் தெருப் பிள்ளைகள்தான். நன்றாக இருக்கும் பெட்டிக்கு அப்கிரேடே எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. சேனல் வருகிறது, படம் தெளிவாக இருக்கிறது என்றால் தொட வேண்டாம்; புதிய பதிப்பு எண் என்பது மட்டும் ஏற்றுவதற்குக் காரணமாகாது. ஆனால் ஒலி விட்டு விட்டு வருவது, புதுச் சேனல் பட்டியலைப் படிக்காதது, சில அலைவரிசைகளில் உறைந்து நிற்பது போன்ற குறைகள் பல சமயம் சாஃப்ட்வேரால்தான் தீரும். அவற்றோடு வாழச் சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை.

இன்னொரு குற்றச்சாட்டையும் நேராகப் பார்க்க வேண்டும். ரிசீவருக்கு ஏற்றப்பட்ட கோப்புகளில் பல, சந்தா கட்ட வேண்டிய சேனல்களைத் திருட்டுத்தனமாகத் திறக்கச் செய்யப்பட்டவை; ஆகவே இந்தக் கலையே களவுக்குத் துணைபோனது என்பது அது. அப்படிப்பட்ட கோப்புகள் புழங்கியது மெய். அவற்றை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. கெட்ட பெட்டிகளில் பல அந்தக் கோப்புகளால் கெட்டவை என்பதும் மெய், ஏனென்றால் யார் செய்தது என்று தெரியாத கோப்புக்குக் கையொப்பமும் இல்லை, கேட்பாரும் இல்லை. ஆனால் தயாரித்தவரே முறையாகக் கொடுத்த கோப்பும் அதே பென்டிரைவில், அதே துளையில்தான் ஏறியது. பூட்டுத் திறக்கத் தெரிந்தவர்களில் திருடரும் உண்டு என்பதற்காகப் பூட்டு ரிப்பேர் செய்பவரின் தொழிலைப் பழிக்க முடியாது.

பொறுப்பின் பெரும் பங்கு பெட்டியைச் செய்தவர்களிடம் இருக்கிறது. கோப்பு முழுவதையும் முதலில் நினைவில் வாங்கி, கூட்டுத்தொகை சரியா, மாடல் சரியா என்று பார்த்த பிறகே அழிக்கத் தொடங்குவது கஷ்டமான காரியம் அல்ல. டிவிபி அமைப்புக்கு வானிலிருந்தே சாஃப்ட்வேர் அனுப்பும் தரநிலை இருக்கிறது. அதில் கோப்பு துண்டு துண்டாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும், மழையில் ஒரு துண்டு தவறினால் அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம், எல்லாம் சேர்ந்தால்தான் எழுதும். 2016ல் ஆண்ட்ராய்டு 7 பழையது ஒரு பக்கமும் புதியது ஒரு பக்கமும் இருக்க இரட்டைப் பகுதி முறையைக் கொண்டுவந்தது. புதியது எழாவிட்டால் பழையது எழும். மலிவுப் பெட்டியில் இரட்டை நினைவகம் கட்டுப்படியாகாது என்ற பதிலை ஏற்கலாம். ஆனால் "தோல்வி" என்று மட்டும் எழுதாமல் "டிரைவின் வடிவம் தெரியவில்லை", "இது வேறு மாடலின் கோப்பு" என்று எழுத ஒரு சல்லிக்காசு செலவாகாது. அதைத் தமிழில் எழுதவும் செலவாகாது. மெனுவில் ஆங்கிலம், அரபு, பாரசீகம் இருந்த பெட்டிகள் தமிழ்நாட்டு வீடுகளில் ஓடின. அந்த ஒரு வரியைப் படிக்க முடிந்திருந்தால், பரணுக்குப் போன பெட்டிகளில் பல அன்று மாலையே செய்தி வாசித்திருக்கும்.

இன்று பலர் பார்ப்பது செல்போனில். தூர்தர்ஷனின் பொதிகையும் 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிவிட்டது. சுவரில் மாட்டிய ஸ்மார்ட் டிவி இரவில் தானாகவே சாஃப்ட்வேர் வாங்கிக்கொள்கிறது. அது தடுமாறும்போது மட்டும் தயாரிப்பாளர்கள் பழையபடி ஃபேட்32 பென்டிரைவைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். பழகிய கை இருந்தால் பயமில்லை. சீரியல் கேபிள் காலத்து மெக்கானிக்குகளிடம் இருந்த ஒரு வழக்கம்தான் இடையில் தொலைந்துபோனது. புதிதாக எதையும் எழுதுமுன், பெட்டியில் ஏற்கனவே இருப்பதை அப்படியே கம்ப்யூட்டருக்கு இழுத்து, மாடல் எண்ணைப் பெயராக வைத்து எடுத்து வைப்பார்கள். பென்டிரைவ் வந்த பிறகும் பல பெட்டிகளின் மெனுவில் அதற்கு ஒரு வரி இருந்தது. அவசரத்தில் யாரும் அதை அழுத்தவில்லை. அப்படியும் அங்கொருவர் இங்கொருவர் அழுத்தியிருக்கிறார்கள். ஆகையால் இழுப்பறையில் கிடைக்கும் அந்தப் பழைய பென்டிரைவை ஃபார்மேட் செய்துவிடுமுன் கோப்பின் பெயரை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அது ஏற்றுவதற்காக வாங்கி வந்த கோப்பாக இல்லாமல், பெட்டியிலிருந்து எடுத்து வைத்த கோப்பாக இருந்தால், தயாரித்த நிறுவனமே மறந்துபோன ஒரு மாடலின் மூலச் சாஃப்ட்வேர் அந்த 4 எம்பிக்குள் இன்னும் முழுசாக இருக்கிறது.